மலையில் அணைந்துவிடுகிறது, ஊரில் சங்கிலி நிற்பதில்லை

கேள்வி: ஐயா, உடும்பன்சோலைப் பக்கம் ஓர் ஏலத் தோட்டத்தில் மேஸ்திரியாக இருக்கிறேன். நிழல் மரக் கவாத்துக்காக மூன்று வருடங்களுக்கு முன் வாங்கிய 45 சிசி செயின்சா ஒன்று எங்களிடம் உள்ளது. காலையில் நன்றாகவே ஸ்டார்ட் ஆகிறது. கால் மணி நேரம் அறுத்துவிட்டு ரேஸை விட்டால் ஐடிலிங் இறங்கி இறங்கி அணைந்துவிடுகிறது. பக்கவாட்டில் சாய்த்தால் சத்தம் மாறுகிறது. போடியில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டியபோது ஸ்க்ரூவைத் திருப்பிச் சரிசெய்து கொடுத்தார். மேலே ஓரளவு ஓடியது. ஆனால் ஊரில் புளியமரம் அறுக்கக் கீழே கொண்டுவந்தபோது, ரேஸ் கொடுக்காமலேயே சங்கிலி ஓடிக்கொண்டிருந்தது. கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்:

வணக்கம். கார்புரேட்டரை இப்போது மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளில் பெரும்பாலானவற்றுக்கு, அதைவிடச் சிறிய செலவில் தீரக்கூடிய காரணங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்ப்பதற்கு முன் ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரேஸை விட்ட பிறகும் சங்கிலி ஓடுகிற இந்த நிலையில், மெஷினை ஒரு கிளைக்குக்கூட எடுக்காதீர்கள். சில வருடங்களுக்கு முன் என் பட்டறைக்கு ஒருவர் மெஷினோடு தன் கால்சட்டையையும் மடித்துக் கொண்டுவந்தார். முழங்காலுக்கு மேலே நான்கு விரல் நீளத்துக்குத் துணி நூல் நூலாகப் பிரிந்து, அதன் ஓரமெல்லாம் பார் ஆயில் (சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகடான பாருக்கு விடும் ஆயில்) கறை படிந்திருந்தது. ஈரச் சருகில் கால் வழுக்கியபோது மெஷின் தொடையில் உரசியதாகவும், அந்த நேரத்தில் ரேஸ் விசையில் தன் விரலே இல்லை என்றும் அவர் சொன்னார். மெஷினை ஸ்டார்ட் செய்து பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான், சங்கிலி தானாகவே ஓடிக்கொண்டிருந்தது. தோல் கிழியாமல் அவர் தப்பியது தற்செயல். ஏலத் தட்டைகளுக்கு நடுவே சரிவில் ஏறி இறங்கும் உங்கள் ஆட்களுக்கு அந்தத் தற்செயல் வாய்க்கும் என்று நம்பி மெஷினைக் கையில் கொடுக்கக் கூடாது. மெஷின் சரியான பிறகும், ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடக்கும்போது சங்கிலியை நிறுத்திப் பிடிக்கும் செயின் பிரேக்கை முன்னால் தள்ளிவிட்டு நடக்கும்படி அவர்களைப் பழக்குங்கள்.

சங்கிலி ஏன் ஓடுகிறது என்பதை முதலில் விளக்கிவிடுகிறேன். இந்த மெஷின்களில் இருப்பது சுழல் வேகத்தால் விரியும் கிளட்ச். இஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது கிளட்ச் கட்டைகளைச் சிறு ஸ்பிரிங்குகள் உள்ளே இழுத்துப் பிடித்திருக்கும். வேகம் ஏறினால் கட்டைகள் விரிந்து டிரம்மைப் பற்றிக்கொள்ளும், சங்கிலி ஓடும். உங்களுடையதைப் போன்ற நடுத்தர மெஷின்களில் ஐடிலிங் பொதுவாக நிமிடத்துக்கு 2,500 முதல் 3,000 சுற்றுக்குள் இருக்க வேண்டும். அந்த வேகத்தில் கட்டைகள் டிரம்மைத் தொடக் கூடாது. ஆகவே சங்கிலி ஓடுகிறது என்றால், ஐடிலிங் வேகம் அளவுக்கு மேல் போயிருக்கிறது, அல்லது கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்தோ ஒடிந்தோ போயிருக்கிறது. மேலே ஓடாத சங்கிலி கீழே வந்ததும் ஓடியது என்று நீங்கள் எழுதியிருப்பதால், உங்கள் விஷயத்தில் முதல் காரணத்தையே நான் சந்தேகிக்கிறேன்.

போடி ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்குப் போனால் உயரம் அதைவிட ஆயிரம் மீட்டருக்குக் கூடுதலாகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில், பெட்ரோலை அளந்து விடும் ஊசியின் திறப்பு மாறாதபோது பெட்ரோல் ஏறக்குறைய பழைய அளவிலேயே வருகிறது, அதோடு சேர வேண்டிய காற்றுதான் மெலிந்துவிடுகிறது. ஆகவே கீழே சரியாக இருந்த கலவை மேலே கெட்டிப்படுகிறது, அதாவது காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோல் சேர்ந்துவிடுகிறது. கெட்டிக் கலவையில் ஐடிலிங் ஓடும் மெஷின் உடனே அணைவதில்லை. எரியாத பெட்ரோல், பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் அறையின் அடியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேங்கி, சத்தம் கனத்து, இறங்கி இறங்கித்தான் அணையும். உங்கள் கடிதத்தில் இருக்கும் ‘இறங்கி இறங்கி’ என்ற சொல் எனக்கு மிகவும் உதவியது. பெட்ரோல் போதாமல் அணையும் மெஷின் பெரும்பாலும் வேகம் ஏறி, சட்டென்று நின்றுவிடும்.

போடியில் உங்களுக்குத் திருப்பிக் கொடுத்தது அநேகமாக ஐடிலிங் வேக ஸ்க்ரூவாகத்தான் இருக்கும். ஸ்டில் மெஷின்களில் அதன் அருகே எல்ஏ என்றும், ஹஸ்க்வர்னாவில் டி என்றும் பொறித்திருக்கும். அந்த ஸ்க்ரூ பெட்ரோலின் அளவைத் தொடுவதே இல்லை. காற்று வழியில் இருக்கும் தகட்டைச் சற்றுத் திறந்து வைப்பது மட்டுமே அதன் வேலை, அதாவது நிரந்தரமாகக் கொஞ்சம் ரேஸ் கொடுத்து வைப்பதற்குச் சமம். கலவை கெட்டியாகித் திணறும் மெஷினை அது மேலே எப்படியோ ஓட வைத்தது. கீழே அடர்ந்த காற்று கிடைத்ததும் திணறல் நீங்கி, திறந்து வைத்த ரேஸ் முழுவதும் வேகமாக மாறிச் சங்கிலியை இழுத்துவிட்டது. இதனால்தான் ஐடிலிங் கோளாறு என்று வரும் எந்த மெஷினிலும் அந்த ஸ்க்ரூவை நான் கடைசியில்தான் தொடுகிறேன். முதலிலேயே அதைத் திருப்பினால் நோய் மறைந்துகொள்கிறது, நாம் சரிசெய்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

ஆனால் உயரம் ஒன்றே எல்லாவற்றுக்கும் காரணமாக இருக்க முடியாது. இதே தோட்டத்தில் மூன்று வருடங்களாக ஓடிய மெஷின் இது. அண்மையில்தான் கெட்டிருக்கிறது என்றால், புதிதாக ஏதோ சேர்ந்திருக்கிறது. அதைத் தேட வேண்டிய முதல் இடம் உங்கள் ஷெட்டில் இருக்கும் பெட்ரோல் கேன்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. செயின்சா கையேடுகள் பலவும் 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் வேண்டாம் என்று சொல்பவை. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. சாரல் விடாத மலையில், மூடி தளர்ந்த கேனில், ஒரு மாதத்துக்கு முன் கலக்கி வைத்த பெட்ரோல் எப்படி இருக்கும் என்பதை நீங்களே பார்க்கலாம். அதிலிருந்து கொஞ்சத்தை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, அசைக்காமல் அரை மணி நேரம் வையுங்கள். அடியில் ஒரு கோடு போட்டதுபோல் தனியாக ஒரு படலம் நின்றால், அந்தக் கேன் முழுவதையும் ஒதுக்கிவிட வேண்டியதுதான். இரண்டு வாரத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் ஒருபோதும் கலந்து வைக்காதீர்கள். கலக்கும்போது கண்ணளவும் உதவாது. 50-க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. எந்த விகிதம் என்பது நீங்கள் வாங்கும் டூ ஸ்ட்ரோக் ஆயிலையும் கையேட்டையும் பொறுத்தது. ஆயில் கூடினால் நல்லதுதானே என்று பலர் தாராளமாக ஊற்றுகிறார்கள். கூடுதல் ஆயில் கரியாக மாறிச் சைலன்சரை அடைக்கிறது.

அடைப்பு என்றதும் சொல்லிவிடுகிறேன். சைலன்சர் வாயில் தீப்பொறி வெளியே போகாமல் தடுக்க ஒரு நுண்ணிய கம்பி வலை இருக்கும். அதைக் கழற்றிப் பார்த்தால் புகை படிந்த அடுப்படிச் சல்லடைபோலக் கறுத்து, கண்கள் மூடிப்போயிருக்கும். அந்த வலை அடைபட்டால் மெஷின் ரேஸிலும் இழுக்காது, சூடானதும் ஐடிலிங்கும் நிற்காது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்து மீண்டும் மாட்டுங்கள். வலை இல்லாமல் மெஷின் நன்றாக இழுக்கிறது என்று அதை எறிந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் பரவிய தீ எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்பதை அறிந்த நம் பகுதியில், கோடைப் புல்லுக்கு நடுவே வலையில்லாத மெஷினை ஓட்டுவதை நான் ஏற்கவே மாட்டேன்.

ஏர் ஃபில்டரை நீங்கள் சுத்தம் செய்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்; இல்லையென்றால் இன்றே செய்யுங்கள், ஏனெனில் அது அடைபட்டாலும் கலவை கெட்டிப்படும். அதோடு பெட்ரோல் டேங்கின் காற்றுத் துளையையும் சோதிக்க வேண்டும். டேங்கிலிருந்து பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். துளை அடைபட்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி, கால் மணி அல்லது அரை மணி நேரத்தில் பெட்ரோல் வருவது நின்றுவிடும். இதற்கான சோதனை எளிது. மெஷின் அணைந்ததும் சைலன்சர் சற்று ஆறும்வரை பொறுத்து, டேங்க் மூடியை மெல்லத் தளர்த்துங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, மூடியை இறுக்கியபின் மெஷின் பழையபடி ஸ்டார்ட் ஆகி ஓடினால், துளைதான் குற்றவாளி. உங்கள் மெஷின் கால் மணி நேரம் கழித்துத்தான் தகராறு செய்கிறது என்பதால் இந்தச் சோதனையைத் தவறவிட வேண்டாம். டேங்குக்குள் குழாயின் நுனியில் தொங்கும் சிறு ஃபில்டரை ஒரு கம்பிக் கொக்கியால் வெளியே எடுத்து, கறுத்திருந்தால் மாற்றிவிடுங்கள். சுத்தம் செய்து போடுமளவுக்கு அது விலையுயர்ந்த பொருள் இல்லை.

பக்கவாட்டில் சாய்த்தால் சத்தம் மாறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வேகம் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதை எழுதவில்லை. இந்தக் கடிதத்தில் நான் மிகவும் அறிய விரும்புவது அதைத்தான். சாய்த்ததும் சத்தம் கனத்து, திணறி, புகை கூடுகிறது என்றால், நான் முன்பு சொன்ன தேங்கிய பெட்ரோல் சிலிண்டருக்குள் போகிறது என்று பொருள். அது கெட்டிக் கலவையின் அடையாளம், டியூனிங்கில் தீரலாம். ஒரு பக்கம் சாய்க்கும்போது வேகம் கீச்சென்று ஏறுகிறது என்றாலோ, ரேஸை விட்ட பிறகும் சில விநாடிகள் வேகம் இறங்காமல் நின்று பிறகுதான் இறங்குகிறது என்றாலோ, எங்கிருந்தோ திருட்டுக் காற்று நுழைகிறது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம், அல்லது கிராங்க் ஷாஃப்டின் ஆயில் சீல் தேய்ந்திருக்கலாம். இதை ஸ்க்ரூவால் ஈடுகட்டிக்கொண்டு ஓட்டவே கூடாது. டூ ஸ்ட்ரோக் இஞ்சினில் உள்ளே இருக்கும் பாகங்களுக்கு வேண்டிய ஆயில் பெட்ரோலோடுதான் போகிறது. திருட்டுக் காற்றால் கலவை மெலியும்போது ஆயிலும் சேர்ந்தே குறைகிறது, சூடும் ஏறுகிறது. அப்படி ஓடி இறுகிய பிஸ்டனை வெளியே எடுத்தால், சைலன்சர் பக்கத்தில் ஆணியால் கீறியதுபோல் மேலிருந்து கீழாகக் கோடுகள் இருக்கும். அந்த நிலைக்கு வந்தபின் பிஸ்டன், ரிங், பல நேரங்களில் சிலிண்டரும் மாற்ற வேண்டிவரும்.

திருட்டுக் காற்றைக் கண்டுபிடிக்க, ஓடும் மெஷின்மேல் கார்புரேட்டர் கிளீனரையோ பெட்ரோலையோ பீய்ச்சிப் பார்க்கும் வழக்கம் ஒன்று உண்டு. சூடான சைலன்சர் ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போது அதை யாரும் செய்ய வேண்டாம். சரியான வழி, உறிஞ்சும் வாயையும் சைலன்சர் வாயையும் அடைத்துவிட்டு, கைப்பம்பால் உள்ளே 0.5 பார் அழுத்தம் ஏற்றி முள் இறங்குகிறதா என்று பார்ப்பது. பிறகு அதே அளவு வெற்றிடத்தை உண்டாக்கியும் பார்ப்பது. அழுத்தத்தைத் தாங்கும் சீல் வெற்றிடத்தில் விட்டுக்கொடுப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்தக் கருவி உள்ள பட்டறையில் மட்டும் அந்த வேலையைக் கொடுங்கள்.

இனி கார்புரேட்டருக்கு வருகிறேன். பைக் மெக்கானிக்குகள் இந்த மெஷினில் தடுமாறுவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. பைக்கில் பெட்ரோல் மட்டத்தைப் பார்த்துக்கொள்வது மிதவை. அது நிமிர்ந்து நின்றால்தான் வேலை செய்யும். செயின்சாவை எந்தக் கோணத்திலும் பிடித்து அறுக்க வேண்டியிருப்பதால், மிதவைக்குப் பதிலாக டயஃப்ரம் என்ற மெல்லிய ஏடு ஒன்று இருக்கிறது. இஞ்சின் உறிஞ்சும்போது அது உள்ளே வளைந்து ஒரு குட்டி நெம்புகோலை அழுத்தி, பெட்ரோல் உள்ளே வரும் வழியை அடைத்திருக்கும் ஊசியைத் திறந்து, வேண்டிய துளியை மட்டும் விடும். எத்தனால் கலந்த பெட்ரோலிலும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் அந்த ஏடு விறைத்துவிடும். புதிய டயஃப்ரத்தைக் கையில் எடுத்து அசைத்தால் சத்தமே வராது. விறைத்தது காய்ந்த பூவரசிலைபோலச் சலசலக்கும். விறைத்த டயஃப்ரம் ஐடிலிங்கில் வரும் மெல்லிய இழுப்புக்கு அசையாது, ரேஸில் மட்டும் ஒருவாறு வேலை செய்யும். மூன்று வருட மெஷினில் இதை மாற்றும் நேரம் எப்படியும் வந்திருக்கும். டயஃப்ரமும் கேஸ்கெட்டும் சேர்ந்த ரிப்பேர் கிட்டாகவே கிடைக்கிறது, முழுக் கார்புரேட்டரின் விலையில் அது சிறு பகுதிதான். வால்ப்ரோவா ஸாமாவா என்று கார்புரேட்டரின்மேல் பொறித்திருக்கும் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு போய் வாங்குங்கள். மாட்டும்போது வரிசை முக்கியம். நெம்புகோல் உள்ள பக்கத்தில் முதலில் கேஸ்கெட், அதன்மேல் டயஃப்ரம், பிறகு மூடி. எதிர்ப்பக்கத்தில், டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்பு டயஃப்ரத்துக்கு இது தலைகீழ்: முதலில் டயஃப்ரம், அதன்மேல் கேஸ்கெட், பிறகு மூடி. இதைத் தவறாக மாட்டிவிட்டு, கார்புரேட்டரே போய்விட்டது என்று எடுத்துவந்தவர்கள் பலர். கழற்றும்போதே கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் இந்தத் தவறு வராது.

இவ்வளவும் முடிந்த பிறகே டியூனிங். மெஷினில் எம்-ட்ரானிக், ஆட்டோடியூன் போன்ற தானியங்கி அமைப்பு இருந்தால் இந்தப் பகுதி உங்களுக்குப் பொருந்தாது. மற்ற மெஷின்களில் எல், எச் என்று இரண்டு ஊசிகள் இருக்கும். எச் என்பது முழு ரேஸுக்கானது. இஞ்சின் சுற்றை அளக்கும் வேகமானி இல்லாமல், காதை நம்பி அதைத் திருப்பாதீர்கள்; மேலே வேகம் குறைவாகத் தோன்றினாலும் விட்டுவிடுங்கள். மலையில் எச் ஊசியை மெலியவைத்துவிட்டு, அப்படியே கீழே கொண்டுவந்து முழு ரேஸில் புளியமரம் அறுத்தால், ஒரே நாளில் பிஸ்டன் இறுகிவிடக்கூடும். ஐடிலிங்குக்கு உரியது எல். மெஷினைச் சில நிமிடம் மரத்தில் ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் பார் எதிலும் படாமல் வைத்து, எல் ஊசியை மெல்ல மெல்லத் திருப்புங்கள். வலப்பக்கம் திருப்பினால் பெட்ரோல் குறையும், இடப்பக்கம் திருப்பினால் கூடும். வேகம் அதிகமாக ஏறுகிற இடம் ஒன்று கிடைக்கும். அங்கிருந்து அரைக்கால் சுற்று இடப்பக்கம் வந்து நிறுத்துங்கள். ரேஸைச் சட்டென்று கொடுத்தால் தயங்காமல் எழ வேண்டும். தயங்கினால் இன்னும் ஒரு நூலளவு திறவுங்கள். ஊசியை எந்த நிலையிலும் அடிவரை இறுக்காதீர்கள். அதன் முனை நசுங்கினால் அதன்பிறகு எந்த டியூனிங்கும் நிற்காது.

அதற்குப் பிறகு ஐடிலிங் வேக ஸ்க்ரூ. முதலில் அதை இடப்பக்கம் திருப்பிச் சங்கிலியை முழுமையாக நிறுத்துங்கள். அணையாமல் சீராக ஓடும் இடத்தில் விட்டுவிட்டு, பாரின் நுனியைத் தரையை நோக்கிச் சற்று நேரம், வானை நோக்கிச் சற்று நேரம் பிடித்துப் பாருங்கள். இரண்டு நிலையிலும் அணையாமலும், சங்கிலி அசையாமலும் இருந்தால் வேலை முடிந்தது. வேகம் சரியான அளவில் இருந்தும் சங்கிலி நகர்ந்தால், கிளட்ச் டிரம்மைக் கழற்றி ஸ்பிரிங்கையும், உள்ளே இருக்கும் ஊசி பேரிங் கிரீஸ் இன்றிக் காய்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இந்த டியூனிங்கை நீங்கள் அதிகம் வேலை செய்யும் தோட்டத்திலேயே செய்யுங்கள். போடியில் வைத்துச் செய்தால் மறுபடியும் அதே கதைதான். செய்து முடித்ததும், எல் ஊசியின் தலையில் உள்ள வெட்டு எந்தத் திசையில் நிற்கிறது என்பதைப் பக்கத்து உறையில் ஒரு சிறு கோடாகக் கீறிவையுங்கள். கீழே அறுக்கக் கொண்டுவரும் நாளில், முதல் வேலையாக எல் ஊசியை அந்தக் கோட்டிலிருந்து ஒரு நூலளவு இடப்பக்கம் திறந்து, ஐடிலிங் வேகத்தை இறக்கி, சங்கிலி நிற்கிறதா என்று பார்த்த பிறகே மரத்தில் வையுங்கள். வருடத்தில் ஓரிரு முறைதான் கீழே கொண்டுவருகிறீர்கள் என்றால், அந்த வேலைக்கு ஊரில் ஒரு மெஷினை வாடகைக்கு எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது.

சாய்க்கும்போது வேகம் ஏறுகிறது என்று தெரியவந்தாலோ, டயஃப்ரம் மாற்றியும் ஐடிலிங் நிலைகொள்ளவில்லை என்றாலோ, அழுத்தச் சோதனைக்கு நேரில் கொண்டுவாருங்கள். ஆட்கள் ஏறும் ஜீப்பில் வருவதானால் டேங்கைக் காலி செய்துவிட்டு வாருங்கள். பிளக்கை மட்டும் துடைக்காமல், அது எந்த நிறத்தில் இருக்கிறதோ அப்படியே மெஷினில் விட்டுவையுங்கள். ஈரமான கறுப்பா, காய்ந்த வெள்ளையா, காப்பிக்கொட்டை நிறமா என்று அதைப் பார்த்துத்தான் நான் வேலையைத் தொடங்குவேன்.